முதலில் செலவு செய்தது யார்? – வாசகர் கேள்வி பதில்

கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு, செங்கோட்டை என்று மலைக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் வந்த கேள்விகள் இந்த முறை பெரும்பாலும் ஒரே விஷயத்தைப் பற்றித்தான். 2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் நகரில் ஐ.நா. காலநிலை மாநாடு நடந்தது அல்லவா, அதில் எந்த நாட்டை நம்பலாம், இந்தியா எங்கே நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் போட இடமில்லை, சிலவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

2024 ஏப்ரல், மே வெயிலில் என் மூன்று ஏக்கரில் பாதிக்கு மேல் ஏலச்செடி காய்ந்துவிட்டது. டிவியில் ஏதோ ஒரு நாட்டில் கோட் போட்டவர்கள் ஏசி ஹாலில் கைதட்டுவதைக் காட்டுகிறார்கள். அந்த ஹாலுக்கும் என் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? – ஏல விவசாயி, வண்டன்மேடு

உங்கள் கோபம் நியாயமானது. அந்த மே மாதம் நானும் வண்டன்மேடு, அணக்கரை பக்கம் இரண்டு நாள் சுற்றினேன். நிழல் மரம் குறைந்த இடங்களில் மூங்கில் நட்டுப் பச்சை வலை கட்டியிருந்தார்கள், வலைக்குக் கீழேயும் தட்டை மடங்கித்தான் கிடந்தது. ஒரு தோட்டத்தில் ஒரு அம்மா செடியைப் பிடித்து லேசாகத்தான் இழுத்தார், கிழங்கோடு கையில் வந்துவிட்டது, வேரில் ஈரமே இல்லை. பக்கத்தில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட படுதாக்குளம். அடியில் ஒரு முழம் பாசித் தண்ணீர், நாளைக்கு அதை எந்த வரிசைக்கு விடுவது, எந்த வரிசையைக் கைவிடுவது என்று அவருக்கும் அவர் மகனுக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. எதைக் கைவிடுவது என்ற அந்தப் பேச்சை நின்று கேட்க முடியவில்லை.

சம்பந்தத்துக்கு வருகிறேன். அந்த வருஷம் பசிபிக் கடல் சூடாகி மழையைக் குலைக்கிற எல் நினோவும் சேர்ந்து அடித்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எல் நினோ நம் தாத்தா காலத்திலும் வந்ததுதான், இப்போது ஏற்கெனவே சூடாகிவிட்ட பூமியின் மேல் வந்து உட்காருகிறது என்பதுதான் வித்தியாசம். தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முந்தைய காலத்தைவிட உலகச் சராசரி வெப்பம் 1.5 டிகிரிக்கு மேல் போன முதல் காலண்டர் வருஷம் 2024. ஏலமோ நிழலும் ஈரமும் கேட்கிற பயிர். உலகத்திலேயே அதிகம் ஏலம் விளைகிற குவாத்தமாலாவிலும் வறட்சியில் விளைச்சல் விழுந்தது, அதனால் போடியிலும் புற்றடியிலும் ஏலக்காய்ச் சந்தையில் விலை ஏறியது, ஆனால் காய் கையில் இருந்தவருக்குத்தானே விலை.

இந்தச் சூட்டைக் கிளப்பிய புகை இடுக்கியில் கிளம்பியதில்லை. கேரள அரசோ தமிழ்நாடு அரசோ தனியாக நின்று அதை நிறுத்த முடியாது. எல்லா நாடும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேச வேறு இடம் கிடையாது, அதனால் அந்த ஹால் தேவைதான். ஆனால் கைதட்டலை வைத்துத் தலைமையை அளக்காதீர்கள். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: அடுத்தவன் செய்யட்டும் என்று காத்திருக்காமல் முதலில் செலவு செய்தது யார்?

ஒரு உதாரணம். கம்பம் பள்ளத்தாக்கில் இன்று திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூம் மேல் சோலார் தகடு நிற்கிறது. 2000-ல் ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது: கூரையில் தகடு மாட்டி மின்சாரம் கொடுப்பவருக்கு இருபது வருஷத்துக்கு நிச்சயமான விலை உண்டு. அப்போது தகடு யானை விலை. அந்தக் கூடுதல் செலவை ஜெர்மனியில் கரண்ட் பில் கட்டிய சாதாரணக் குடும்பங்கள் சுமந்தன. வாங்க ஆள் உண்டு என்று தெரிந்ததும் சீனாவில் தொழிற்சாலைகள் பெருகின, 2010-க்குப் பிறகு பத்து வருஷத்தில் தகட்டின் விலை பத்தில் ஒரு பங்காகிவிட்டது. கம்பத்து விவசாயியின் பம்பில் அந்தக் குடும்பங்களின் காசும் இருக்கிறது. என் கணக்கில் இதுதான் தலைமை.

அமெரிக்கா பாரிஸ் ஒப்பந்தத்தைக் கைவிட்டுவிட்டது. பெரிய நாடே போன பிறகு இதெல்லாம் நடக்குமா? – கல்லூரி மாணவி, செங்கோட்டை

அமெரிக்கா போவது இது முதல் தடவை இல்லை தங்கச்சி. 1997-ல் ஜப்பானின் கியோட்டோவில் பணக்கார நாடுகள் புகையைக் குறைக்க ஒப்பந்தம் போட்டார்கள். அதற்குச் சில மாதம் முன்பே அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட், வளரும் நாடுகளுக்கும் கட்டுப்பாடு இல்லாத எந்த ஒப்பந்தத்திலும் சேரக்கூடாது என்று 95-க்கு 0 என்ற கணக்கில் தீர்மானம் போட்டுவிட்டது. கிளிண்டன் அரசு கையெழுத்துப் போட்டும் செனட்டின் ஒப்புதலுக்கு அனுப்பவில்லை, 2001-ல் புஷ் வேண்டாம் என்றே சொல்லிவிட்டார். ஒப்பந்தம் அத்தோடு செத்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள், ஆனால் ஐரோப்பாவும் ஜப்பானும் பிடித்துக்கொண்டு நிற்க, 2004-ல் ரஷ்யாவும் ஒப்புதல் கொடுக்க, 2005 பிப்ரவரி 16 அன்று அது அமலுக்கு வந்தது. அப்புறம் 2011-ல் கனடா விலகுவதாக அறிவித்தது தனிக்கதை.

2014 நவம்பரில் ஒபாமாவும் ஷி ஜின்பிங்கும் பெய்ஜிங்கில் சேர்ந்து நின்று ஆளுக்கு ஒரு இலக்கு சொன்னார்கள். அடுத்த வருஷம், எல்லா நாடும் சேர்ந்து சூட்டைக் கட்டுப்படுத்துவதற்கான பாரிஸ் ஒப்பந்தம் கைகூடியதற்கு அது பெரிய காரணம், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். 2017-ல் டிரம்ப் விலகுவதாக அறிவித்தார், 2021-ல் பைடன் திரும்பச் சேர்த்தார், 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற கையோடு டிரம்ப் மறுபடி விலக உத்தரவு போட்டார். பெலெம் மாநாட்டுக்கு அமெரிக்க அரசு ஆளையே அனுப்பவில்லை. இதுவரை உலகம் விட்ட மொத்தக் கரியமில வாயுவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அந்த ஒரு நாட்டினுடையது என்பதை நினைத்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. பணத்தில் விழுகிற ஓட்டையும் சின்னது இல்லை.

ஆனாலும் ஒரு நாடுதான் தலைவர் என்கிற நினைப்பையே நான் ஏற்கவில்லை. நீங்கள் செங்கோட்டையில் இருக்கிறீர்கள், ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். முப்பந்தலிலும் கயத்தாறிலும் ஆரம்ப காலக் காற்றாலைகள் டென்மார்க் உதவியில் வந்தவை. 1970-களில் எண்ணெய் விலை ஏறியபோது அந்தச் சின்ன நாடு காற்றைப் பிடித்துக்கொண்டது, கற்றதை வெளியேயும் கொடுத்தது. உலகத்துக்கு நிலக்கரி மின்சாரத்தைக் காட்டிய பிரிட்டன் 2008-ல் புகைக் குறைப்பைச் சட்டமாகவே போட்டு, 2024 செப்டம்பர் 30 அன்று தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடியது. சீனாவை எந்தப் பக்கம் வைப்பது என்றுதான் எனக்கே குழப்பம். சோலார் தகடு செய்யும் வேலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அங்கேதான் நடக்கிறது, உலக நிலக்கரியில் பாதிக்கு மேல் எரிவதும் அங்கேதான்.

மாநாட்டில் ஓட்டுப் போட்டு முடிவெடுக்க மாட்டார்களா? – தேவாரம் வாசகர்

மாட்டார்கள். 1995-ல் பெர்லினில் நடந்த முதல் மாநாட்டில் இருந்தே ஓட்டு விதியில் உடன்பாடு வரவில்லை, எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. அதனால் ஒரு நாடு முரண்டு பிடித்தாலும் ஒரு வார்த்தைக்காக விடிய விடிய உட்கார வேண்டி வரும். (அந்த பெர்லின் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அப்போது ஜெர்மனியின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஏஞ்சலா மெர்கல்.)

நாம் 2070-ல் புகையைப் பூஜ்யமாக்குவோம் என்கிறோம். அதற்குள் நானும் இருக்க மாட்டேன், என் மாணவர்களும் தாத்தா ஆகிவிடுவார்கள். இது தப்பிக்கிற வழி இல்லையா? – பள்ளி ஆசிரியர், போடிநாயக்கனூர்

ஐயா, பாதி சரி, பாதி தவறு என்பேன்.

தவறு எங்கே என்றால், இந்தியா இதில் பேச ஆரம்பித்ததே நியாயத்தை வைத்துத்தான். 1972-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த முதல் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டுக்கு, நடத்திய ஸ்வீடனின் பிரதமரைத் தவிர, நேரில் போன ஒரே பிரதமர் இந்திரா காந்தி. வறுமையை ஒதுக்கிவிட்டு இயற்கையைப் பற்றிப் பேச முடியாது என்று அங்கே அழுத்திச் சொன்னார். 2007-ல் மன்மோகன் சிங், எங்கள் தலைக்கு இவ்வளவு என்கிற அளவு பணக்கார நாடுகளின் அளவைத் தாண்டாது என்று வாக்குக் கொடுத்தார். இன்றைக்கும் ஒரு இந்தியர் சராசரியாக வருஷத்துக்கு இரண்டு டன் கரியமில வாயு விடுகிறார், ஒரு அமெரிக்கர் பதினான்கு டன் அளவில் விடுகிறார். இரண்டு பேரையும் ஒரே தராசில் வைத்து ஒரே வருஷத்தில் முடி என்று சொல்வது முறையில்லை.

2021-ல் கிளாஸ்கோவில் பிரதமர் மோடி 2070 என்று சொன்ன அதே மாநாட்டின் கடைசி மணி நேரத்தில், நிலக்கரியைப் படிப்படியாக ஒழிப்போம் என்றிருந்ததைப் படிப்படியாகக் குறைப்போம் என்று மாற்ற இந்தியா வற்புறுத்தியது, சீனாவும் கூட நின்றது. மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா மேடையிலேயே கண்கலங்கினார். நம்மைத் திட்டாத பத்திரிகை இல்லை. எண்ணெயையும் எரிவாயுவையும் பற்றி அப்படி ஒரு வரிகூட எழுதாமல் நிலக்கரியை மட்டும் பிடித்ததைத்தான் நான் குறையாகப் பார்க்கிறேன்.

இப்போது சரி என்ற பாதி. 2030-க்குள் மின் உற்பத்தித் திறனில் 50 சதவீதம் நிலக்கரி, எரிவாயு போன்றவை இல்லாமல் இருக்கும் என்று சொன்னோம், 2025-லேயே தொட்டுவிட்டோம், பெருமைதான். ஆனால் திறன் வேறு, ஓடுகிற மின்சாரம் வேறு. கம்பம் ஜீப் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். நிற்கிற ஜீப்பில் பாதி புதுசு, ஆனால் புதுசு பகலில் சில மணி நேரம்தான் ஓடும், விடியற்காலையும் ராத்திரியும் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போவதெல்லாம் பழைய வண்டி என்றால், ட்ரிப் கணக்கில் பழசுதானே அதிகம் வரும்? அப்படித்தான் நம் மின்சாரத்தில் நான்கில் மூன்று பங்குக்கு அருகில் இன்னமும் நிலக்கரி. சூரிய மின்சாரத்தைச் சேமித்து வைக்கிற வழி பெருகினால்தான் இது மாறும். 2070-ஐப் பற்றிக் கேட்பதைவிட, இந்த ஐந்து வருஷத்தில் சேமிப்புக்கு என்ன செலவு செய்தீர்கள் என்று உங்கள் மாணவர்களைக் கேட்கச் சொல்லுங்கள்.

நாம் முதலில் செலவு செய்த ஒன்றும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எல்இடி பல்பு. 2014-ல் அரசு ஒரு பல்பை 310 ரூபாய்க்கு வாங்கியது, கோடிக்கணக்கில் மொத்தமாக டெண்டர் விட்டு விட்டு 2016-ல் 38 ரூபாய்க்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வாங்குகிற பலத்தை வைத்தே ஒரு பொருளின் விலையை உடைத்தது இந்தியா. மேடையில் சொன்ன எந்த வருஷத்தைவிடவும் எனக்கு இது பெரிதாகத் தெரிகிறது.

ஐரோப்பாவுக்குப் போகிற காப்பி என்றால் தோட்டம் எங்கே இருக்கிறது என்று செல்போனில் புள்ளி குறித்துத் தர வேண்டும் என்கிறார்கள். இது தலைமையா, மிரட்டலா? – காப்பி விவசாயி, கூடலூர், நீலகிரி

2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்த காப்பி, கோகோ, ரப்பர், பாமாயில், சோயா, மாடு, மரம் எதுவும் ஐரோப்பாவுக்குள் வரக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் போட்ட சட்டம்தான் இதற்குக் காரணம். அமலாகும் தேதியைத் தள்ளிக்கொண்டே வருகிறார்கள். நோக்கம் நல்லது, எனக்குச் சந்தேகமில்லை. காடு போனால் கூடலூருக்கு மழையே இல்லை என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் செலவை யார் தலையில் வைத்தார்கள் என்று பாருங்கள். காடு அழிக்காத நிலம் என்றால் மட்டும் போதாது, நிலம் அந்த நாட்டுச் சட்டப்படி பயன்படுகிறது என்றும் காட்ட வேண்டும். கூடலூரில், ஜென்மிகள் என்ற பழைய நிலக்கிழார்களின் நிலத்தை அரசு எடுத்துக்கொண்ட 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-ல் மாட்டிக்கொண்ட நிலங்களில் இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கிறவர்கள் பட்டாவுக்கு அலைகிறார்கள். அவர்களிடம் போய்க் காகிதம் காட்டு என்றால் எதைக் காட்டுவார்கள்? சரி, காப்பி குடிக்கிறவர் கூடுதல் விலை கொடுத்து, அந்தக் காசில் நிலம் அளக்கிற வேலையும் நடந்தால் அதைத் தலைமை என்று மனசார ஏற்றுக்கொள்வேன். இப்போதைக்கு உத்தரவு அவர்களுடையது, அலைச்சல் உங்களுடையது.

நாங்கள் இருக்கிற தோட்டத்து வரிசை வீடு, எங்கள் லயத்துக்கு மேலே மலை. மழை பிடித்தால் ராத்திரி தூக்கமில்லை, பெட்டிமுடி நினைப்புதான். இழப்புக்குப் பணம் கொடுக்க உலக நிதி ஒன்று வந்திருக்கிறதாமே, எங்களைப் போன்றவர்களுக்கு அதில் ஏதாவது வருமா? – தேயிலைத் தொழிலாளி, மூணாறு பக்கம்

அக்கா, உங்களுக்குப் பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். இப்போதைக்கு நேராக வராது.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் லயங்கள் மண்ணுக்குள் போயின. செல்போனும் இல்லை, கரண்டும் இல்லை, வெளியே தெரியவே மறுநாள் காலையானது. எழுபது பேர், அதில் நான்கு பேரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. பெரும்பாலும் நம் ஆட்கள், கயத்தாறு பக்கத்தில் வேர் இருக்கிற குடும்பங்கள் பல. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையிலும் அதேபோல் நிலச்சரிவு. அன்றைய பேய்மழை காலநிலை மாற்றத்தால் சுமார் 10 சதவீதம் கூடியது என்று அதை ஆராய்ந்த விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள்.

கடல் ஏறி அழிகிற தீவு நாடுகளுக்கு ஈடு வேண்டும் என்று வனுவாட்டு என்கிற சின்னத் தீவு நாடு 1991-லேயே கேட்டது. பணக்கார நாடுகள் ஒத்துக்கொள்ள 2022 ஆகிவிட்டது, முப்பத்தியோரு வருஷம். எகிப்தில் நடந்த மாநாட்டில் இழப்பு, சேத நிதி என்று பெயரளவில் வந்து, 2023-ல் துபாயில் நடைமுறைக்கு வந்தது. 2025 நடுவில் வரை தருவதாகச் சொன்ன தொகை எல்லாம் சேர்த்து சுமார் 77 கோடி டாலர். உலகத்துக்கே சேர்த்து அவ்வளவுதான். முதல் கட்டமாக 25 கோடி டாலருக்குத் திட்டம் கேட்டிருக்கிறார்கள், அதில் பாதிக்குக் குறையாமல் சின்னத் தீவுகளுக்கும் மிக ஏழை நாடுகளுக்கும் போகும், அது நியாயமும்கூட. பணம் கேட்பது நாடுகள்தான், தோட்டமோ லயமோ கேட்க முடியாது.

இதில் என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்கிறேன். 2018 வெள்ளத்தில் மலைக்கு மேலே இருந்த என் சித்தி வீட்டுச் சுவர் பின்பக்கம் முழுதாகச் சரிந்தது. பிழைத்ததே பெரிது. நிவாரணத்துக்கு எழுதிப் போட்டோம். அந்தப் பக்க ஆபீசில் ரேஷன் கார்டு தமிழ்நாட்டில் இருக்கிறதே என்றார்கள். இந்தப் பக்க ஆபீசில் வீடு இடிந்தது கேரளாவில் ஆயிற்றே என்றார்கள். கிராமச் சான்று, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, சுவர் விழுந்த போட்டோ எல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டு எட்டு மாசம் மலை ஏறி இறங்கினோம். அப்புறம் சித்தியே போதும்டா என்று சொல்லிவிட்டார். அந்தப் பை இன்னமும் என் பீரோவில் இருக்கிறது.

உலக மாநாட்டில் இந்தியா என்ன சொல்கிறது? புகை விட்டவன் ஒருத்தன், அனுபவிப்பவன் வேறொருத்தன், அதனால் விட்டவன் கொடுக்க வேண்டும் என்கிறது. 2024-ல் அசர்பைஜானின் பாகுவில் நடந்த மாநாட்டில் பணக்கார நாடுகள் 2035-க்குள் வருஷத்துக்கு 30,000 கோடி டாலர் என்று முடித்தபோது, போதவே போதாது என்று எழுந்து சொன்னதும் இந்தியாதான். அந்த வாதத்தில் ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டியதில்லை, அப்படியே என் சித்திக்கும் பொருந்தும். ஒரு இந்தியர் விடுகிற இரண்டு டன் சராசரியில் ஒரு தேயிலைத் தொழிலாளியின் பங்கு எவ்வளவு இருக்கும்? வெளியே கேட்கிற நியாயத்தை உள்ளே லயம் வரைக்கும் கொடுக்கிற நாடாக இந்தியா இருந்தால், மற்ற வளரும் நாடுகள் தானாகவே நம் பின்னால் வரும்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது: உங்கள் லயத்துக்கு அருகில் மழைமானி இருக்கிறதா, எவ்வளவு மில்லிமீட்டர் பெய்தால் எங்கே போவது என்று பஞ்சாயத்தில் எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள், லயத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள். எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், இந்தப் பத்தியில் போடுகிறேன்.

என் மகள் எர்ணாகுளத்தில் சட்டம் படிக்கிறாள். காலநிலைச் சட்டத்தில்தான் போவேன் என்கிறாள். குமுளியில் இருந்து போகிற பிள்ளை அந்த இடத்தில் என்ன செய்துவிட முடியும்? – ஒரு அப்பா, குமுளி

போகட்டும் சார், தடுக்காதீர்கள்.

மேலே சொன்ன வனுவாட்டு, மொத்தமே மூன்று லட்சம் பேர்தான், நம் தேனி மாவட்டத்தில் கால்பங்கு. 2019-ல் அங்கே சட்டம் படித்த இருபத்தேழு மாணவர்கள் வகுப்பில் ஒரு யோசனை பேசினார்கள்: காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமையா என்று சர்வதேச நீதிமன்றத்தையே கேட்டால் என்ன? எழுதினார்கள், பசிபிக் தீவு அரசுகளிடம் போனார்கள், வனுவாட்டு அரசு அதைக் கையில் எடுத்தது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை ஓட்டெடுப்பே இல்லாமல் ஒருமனதாக அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2024 டிசம்பரில் ஹேக் நகரில் விசாரணை. இந்தியாவும் போய், இருக்கிற ஒப்பந்தங்களுக்கு மேல் புதிய கடமைகளை ஏற்றக்கூடாது என்று வாதாடியது, அது எனக்கு வருத்தம்தான். 2025 ஜூலை 23 அன்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்: கடமைதான், மீறினால் ஈடு கொடுக்க வேண்டியும் வரலாம். இது கருத்துரைதான், தீர்ப்பு மாதிரி யாரையும் கட்டாது, ஆனால் உலகத்தில் எந்தக் கோர்ட்டிலும் இனி அதை எடுத்துக் காட்டலாம்.

உங்கள் மகளுக்குத் தமிழும் மலையாளமும் தெரியும், இரண்டு மாநிலத்து ஆபீசும் எப்படி நடக்கும் என்று சின்ன வயதிலேயே பார்த்திருப்பாள். லீவுக்கு வரும்போது ஒருநாள் கம்பத்துக்குக் கூட்டி வாருங்கள், சித்தியின் மஞ்சள் பையை அவளிடம் காட்ட வேண்டும்.